ஹாலிலிருந்து ரூமுக்கு ஒரு நீல வயர்

போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். சோபாவின் இந்த முனையில் அவள், அந்த முனையில் அவள் மகள், நடுவில் மடியில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தட்டோடு நான். "அந்தப் பொடவ போட்டோவக் காட்டுடி" என்றாள் தங்கை. "அனுப்பிட்டேன், உன் போன்ல பாரு" என்றது பெண். படம் வரவில்லை. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் இல்லையாம். இரண்டு பேரும் எழுந்துபோய் ஜன்னல் ஓரமாக போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்கும் கோபம் வரும், அதை விடுங்கள். ஆனால் இது நியாயமான கோபம். கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு ஒரு புடவைப் படத்தைக் காட்ட, அது எந்தத் தேசத்து குடோனில் இருக்கும் எந்த மிஷினுக்கோ போய் முகம் கழுவிவிட்டு என் மூக்கைத் தாண்டித் திரும்பி வர வேண்டுமாம். "ரெண்டுத்துக்கும் நடுவுல ஒரு வயர் போட்டா முடிஞ்சிது" என்றேன். "வயரா பெரிம்மா?" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உரலையும் உலக்கையையும் கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

அவளை விடுங்கள், உங்களுக்குச் சொன்னால் புரியும். கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேச வேண்டுமானால் நடுவில் வயர் ஓட வேண்டும் என்றிருந்த காலத்தில், அந்த வயரை இழுத்துச் சாப்பிட்டவள் நான். நீல வயர். புதுச் சுருளைப் பிரித்தால் ஒரு வாடை வரும். புது மழைக்கோட்டையும் புது ரப்பர் செருப்பையும் ஒரே பையில் கட்டி வைத்த மாதிரி. கையை விட்டு லேசில் போகாது. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து புளிச்சோற்றில் கை வைத்தால் சோறே வயர் வாடை அடிக்கும். அதையும் தின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

விழுப்புரத்தில் ஸ்டேஷன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. கீழே ஜெராக்ஸ், மாடியில் நாங்கள். முதலாளியை எல்லோரும் பாஸ்கர் அண்ணன் என்போம். சென்னையிலிருந்து பாகம் பாகமாக வாங்கி வந்து பெட்டிக்குள் பூட்டி, பெரிய கம்பெனிக் கம்ப்யூட்டரை விட இது நன்றாக ஓடும் என்று கூசாமல் சொல்லி விற்பார். விற்றதைப் பழுது பார்க்கும் வேலை எங்களுக்கு. எங்களுக்கு என்றால் இரண்டு பையன்களும் நானும். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவள். அந்தப் பையன்கள் எதையும் முடிக்காதவர்கள். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "சார் வர்லியாம்மா?" என்றுதான் கேட்பார்கள். "நான்தான் சார்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு உள்ளே போனேன். அந்த ஆள் கடைக்கு போன் போட்டு, ஒரு திமிர் பிடித்த பெண் வந்திருக்கிறாள் என்று சொன்னார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் எங்களுக்கு ஓய்வே இருக்காது. மானிட்டருக்கு மூன்று பட்டை விபூதி, கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சந்தனப் பொட்டு, டப்பாவின் காற்றுத் துவாரம் வழியாகக் குங்குமம். ஒரு வீட்டில் ஃபேன் சுற்றவில்லை என்று திறந்தால் உள்ளே ஒரு செவ்வந்திப்பூ செருகிக்கொண்டு கிடந்தது. வீட்டுக்காரர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பில் போட்டேன்.

இரண்டு கம்ப்யூட்டரை வயரால் இணைப்பது எங்கள் ஊரில் அபூர்வம். ஒன்று வாங்கவே வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பார்கள், இரண்டுக்கு எங்கே போவது. அதனால் பாஸ்கர் அண்ணன் ஒருநாள், திண்டிவனத்தில் ஒரு வீடு, ஹாலில் ஒரு கம்ப்யூட்டர், ரூமில் ஒரு கம்ப்யூட்டர், இரண்டையும் சேர்த்துவிட்டு வா என்றபோது, பணக்கார வீடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து விளையாடக் கேட்டிருப்பார்கள் என்று.

விக்கிரவாண்டி வழியாகப் பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். சாதாரண மாடி வீடு, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். கதவைத் திறந்தவள் சுமதி. என்னை விட ஒன்றிரண்டு வயது சின்னவள். விளையாடப் பிள்ளைகள் யாரும் இல்லை. ஹாலில் அப்பா, தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு கம்ப்யூட்டர் முன்னால். ரூமில் அம்மா, பள்ளிக்கூட டீச்சர், இன்னொரு கம்ப்யூட்டர் முன்னால். அப்பா முதலில் வாங்கினாராம். அதைத் தொட மாட்டேன் என்று அம்மா மறுமாதமே தனக்கு ஒன்று வாங்கினாராம். சுமதி என்னை மாடிப்படிக்கு அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. இவள் மூன்றாவது படிக்கும்போது நின்ற பேச்சு. அம்மாவின் தம்பி கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, "கை கழுவத் தண்ணி வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன், அப்புறம் பார்த்தா சாம்பாரு" என்று அப்பா சொல்லியிருக்கிறார். பந்தியே சிரித்திருக்கிறது. அன்றைக்கு வாயை மூடியவர் அம்மா. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அப்பாவும் மூடிக்கொண்டார். அதிலிருந்து இந்தப் பெண்தான் நடுவில். இந்த மாதிரி வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "உங்கப்பா கிட்ட சொல்லு, பால் பாக்கெட் வாங்கணும்." "உங்கம்மா கிட்ட சொல்லு, காசு அங்கதான் கீது." ஒரே அறையில், ஒரே நாற்காலி தூரத்தில் இருந்துகொண்டு. இந்தப் பெண் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு, காதில் விழுந்ததையே திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட்டதாகக் கணக்கில்லை.

இப்போது அவளுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்திருக்கிறது. நாக்பூரில். சேர வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. போகாவிட்டால் வேலை போச்சு.

"போறதுக்கு இன்னா?" என்றேன்.

"எப்டிக்கா போறது? நான் ஒருவாட்டி பரீட்ச எழுத மெட்ராஸ் போனேன். அப்பாவுக்கு சுகர் எறங்கி வேர்த்துக்கினு உக்காந்துகிறாரு. அம்மா பாத்துட்டாங்க. இன்னா பண்ணுதுன்னு கேக்கல. பக்கத்து வூட்டுக்கு ஓடிப்போயி அந்த ஆன்ட்டிய இட்டாந்து, 'சாருக்கு இன்னா பண்ணுதுன்னு கேளுங்க'ன்றாங்க. அந்த ஆன்ட்டி கோலம் போட்டுக்கினு இருந்தாங்களாம். முடிச்சிட்டு வந்தாங்களாம்."

சிரிப்பு வந்தது எனக்கு. அவள் சிரிக்கவில்லை. அதனால் நானும் நிறுத்திக்கொண்டேன்.

விண்டோஸோடு சேர்ந்து திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும் அப்போது. வயரில் இணைந்த ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு வரி எழுதி அனுப்பலாம். அனுப்புகிற இடத்தில் யாருக்கு என்று எதிர் கம்ப்யூட்டரின் பெயரை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பக்கம் டிங்கென்று ஒரு சத்தத்தோடு வந்து நிற்கும். சுமதி இதைக் கல்லூரி லேபில் பார்த்திருக்கிறாள். தனக்குப் பதில் ஒரு வயரை இந்த வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியுமா என்று யோசித்திருக்கிறாள். அதற்குத்தான் நான். வேலை நடந்தால் அவள் நாக்பூர் போவாள். நடக்காவிட்டால் அந்த வேலை ஆர்டரைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பால் பாக்கெட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு இங்கேயே கிடப்பாள். முடிவு பண்ணிவிட்டாள்.

சரி என்று சுருளை எடுத்தேன். ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவில் சாமி ரூம். சுவரில் ஓட்டை போட்டு அதன் வழியாக இழுத்தால் வயர் மிச்சம். நான் ட்ரில்லோடு உள்ளே காலை வைக்கப் போனேன். ரூமிலிருந்து அம்மா வந்தார். "எந்தப் பக்கம்மா உங்க வூடு?" என்றார். திருவாமாத்தூர் பக்கம் என்றேன். "திருவாமாத்தூர்ல எங்க?" இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். சுற்றி வளைப்பானேன். "காலனிதான் டீச்சர். அப்பா மார்க்கெட் கமிட்டியில மூட்ட தூக்குறாரு" என்றேன். அம்மா சாமி ரூம் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டார். ஹாலிலிருந்து அப்பா, "சுமதி, வயரு வெளிய சுத்தி வரட்டும்னு சொல்லு" என்றார். பல வருஷத்தில் அந்த இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

சுமதிக்கு முகம் செத்துப்போயிற்று. நான் வயரை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, சன்ஷேடுக்கு மேலே ஏற்றி, கக்கூஸ் பைப்பை ஒட்டிக் கட்டி, வீட்டைப் பாதி சுற்றி ரூமுக்குள் கொண்டு வந்தேன். சுருளில் பெரும்பகுதி காலி. சாமியைத் தொடாமல் கக்கூஸைத் தொட்டுக்கொண்டு போயிற்று அவர்கள் பேச்சு. எனக்கு அதில் ஒரு திருப்தி.

இரண்டு கம்ப்யூட்டரை நேருக்கு நேர் இணைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. வயருக்குள்ளே எட்டு நரம்பு, ஆளுக்கு ஒரு நிறம். ஒரு முனையில் ஆரஞ்சு இருக்கும் இடத்தில் மறு முனையில் பச்சை வர வேண்டும். இவன் பேசுகிற நரம்பு அவன் கேட்கிற இடத்தில் போய் முட்ட வேண்டும், அதற்காக. இரண்டு முனையையும் ஒரே மாதிரி செய்துவிட்டால் இரண்டும் பேசும், இரண்டும் கேட்காது. இதை அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. கோபத்தில் முதல் முனையை நானே தப்பாக அழுத்திவிட்டு, வெட்டி எறிந்துவிட்டு, மறுபடி செய்தேன். பிளாஸ்டிக் தம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள். என் பாட்டிலில் இருந்ததைக் குடித்தேன்.

பெயர் வைக்க வேண்டுமே. யோசிக்காமல் ஒன்றுக்கு ஹால் என்றும் இன்னொன்றுக்கு ரூம் என்றும் வைத்தேன். சுமதி இங்கிருந்து ஒன்று அனுப்பினாள், அங்கே டிங். அங்கிருந்து ஒன்று, இங்கே டிங். பெரியவர்கள் இருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்தாள். ஒரே பாடம், இரண்டு தடவை. நான் பஸ் ஏறிவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்துக் கடைக்கு போன் வந்தது. வேலை செய்யவில்லை. பாஸ்கர் அண்ணன் என் முன்னால் போனை வைத்துவிட்டு, பொம்பளைப் பிள்ளையை அனுப்பினது தன் தப்பு என்றார். அது அவர் தப்பில்லை, வேறு தப்புகள் அவரிடம் நிறைய இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திண்டிவனத்தில் சுமதி வாசலிலேயே நின்றாள். மறுநாள் ரயில். பெட்டி கட்டி வைத்திருந்தாள். கட்டின பெட்டியை அவிழ்க்கப் போவதாகவும் சொன்னாள். நான் உள்ளே போய் வயரைச் சோதித்தேன். வயரில் ஒன்றும் இல்லை. வயர் மாட்டின கார்டில் பச்சை விளக்கு எரிகிறது. பிறகு என்ன? ரூமில் இருந்ததை நிறுத்திப் போட்டால் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இணைப்பில் இருக்கிறது, அதனால் உனக்கு இடமில்லை என்று. எந்தப் பெயரில்? திறந்து பார்த்தேன். ரூம் என்று நான் வைத்த பெயரைக் காணோம். சுமதி என்று இருந்தது. ஹாலுக்குப் போய்த் திறந்தேன். ஹாலும் இல்லை. அங்கேயும் சுமதி.

கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்தேன். அப்பா பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவர். அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் பெயரை மாற்றுகிற அளவுக்கு வித்தை தெரியும். சேதி போய்ச் சேரும்போது இன்னாரிடமிருந்து என்று அனுப்பின கம்ப்யூட்டரின் பெயர் மேலே வரும், கவனித்தீர்களா? அதுதான் குடைந்திருக்கிறது. தன்னிடமிருந்து போனதாகப் போகக் கூடாது. வழக்கம் போல மகளிடமிருந்து போனதாகப் போக வேண்டும். அப்பா ரகசியமாகத் தன் கம்ப்யூட்டருக்குச் சுமதி என்று பெயர் வைத்திருக்கிறார். அம்மாவும் அதே ராத்திரியோ மறுநாள் காலையோ, அதே ரகசியமாக, அதே பெயர். அதன் பிறகு யார் முதலில் சுவிட்சைப் போடுகிறார்களோ அவர்கள்தான் சுமதி. பின்னால் போடுகிறவருக்கு வாசல் மூடிவிடும். இதைக் கண்டுபிடித்து அம்மா விடியும் முன்பே எழுந்து போட ஆரம்பித்திருக்கிறார். அப்பா அதற்கும் முன்னால் எழ அலாரம் வைத்திருக்கிறார். எதிர் முனையில் ஆளே இல்லாத வயரைப் பிடிக்க இரண்டு பெரிய மனுஷர்கள் பந்தயம் கட்டியிருக்கிறார்கள்.

"இந்த வேல நடக்காதுக்கா. உட்டுடு" என்றாள் சுமதி. பெட்டியின் பூட்டில் கை வைத்துவிட்டாள்.

எனக்குப் பொறுமை அதோடு போயிற்று. ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவில், சாத்தின சாமி ரூம் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"ரெண்டு பேருக்கும் சொந்தமா பேரு கெடையாதா? அது அவ பேரு. அவளே எடுத்துக்கினு போவட்டும், உட்டுடுங்க."

இரண்டு பேரும், காலனியிலிருந்து வந்த ஒருத்தி தங்கள் வீட்டு நடுவில் நின்று கத்துகிறாளே என்று அதிர்ந்திருக்கலாம். வாசலைக் காட்டியிருக்கலாம். அதற்கும் ஒருவருக்கொருவர் பேச வேண்டியிருந்ததோ என்னவோ, யாரும் காட்டவில்லை. கடைசியில் அப்பாதான், என்னைப் பார்க்காமல், தாலுகா ஆபீஸில் மனு கொடுக்க வந்தவரிடம் பேசுகிற குரலில், "அப்ப இன்னா பேரு வெக்கிறது?" என்றார்.

அதுதான் சிக்கல். அனுப்புகிற இடத்தில் எதிராளியின் பெயரை அடித்தாக வேண்டும். அம்மா புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார், எழுத மாட்டார், ரேஷன் கார்டில் கூட விரலால்தான் காட்டுவாராம். அப்பாவோ பெண்டாட்டி பெயரை அடித்தால் தோற்றுவிட்டதாக நினைப்பார். நானும் ரொம்ப யோசிக்கவில்லை. பால்காரன் இவர்களை எப்படிக் கூப்பிடுகிறானோ அப்படியே வைத்தேன். ஹாலில் இருப்பது சுமதி அப்பா. ரூமில் இருப்பது சுமதி அம்மா. யாரிடமும் கேட்கவில்லை.

"தட்டுங்க சார்" என்றேன்.

அப்பா ரொம்ப நேரம் கீபோர்டைப் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் அடித்தார். அவர் அடித்தது ஆபீஸ் இங்கிலீஷ். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: சுமதிக்கு, தங்கள் தாயாருக்குத் தெரிவிக்க வேண்டியது என்னவென்றால், கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது. பெற வேண்டியவர் சுமதி அம்மா, ஆனால் உள்ளே எழுதியிருப்பது மகளுக்கு. ரூமில் டிங். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஹாலில் டிங். அம்மா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தார். சுமதி, மாத்திரை போட்டாச்சா கேளு. அப்பா படித்தார். போட்டாச்சு என்று சொல்லவும் என்று அடித்தார். டிங்.

சுமதி நடையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பெயர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது, அவளை யாரும் கூப்பிடவில்லை. கையை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அழுதாள். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் அவள் ரயில் ஏறினாள். நாக்பூர் போனதும் கடைக்கு போன் போட்டு எனக்கு நன்றி சொன்னாள். பாஸ்கர் அண்ணன், அந்தக் கேஸைத் தான்தான் முடித்துக் கொடுத்ததாகப் பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்குப் பிறகு அந்த டீச்சர் என்னைச் சாமி ரூமுக்குள் அழைத்துப் போய் உட்கார வைத்து எவர்சில்வர் தம்ளரில் காபி கொடுத்தார் என்று எதிர்பார்க்கிறீர்களா? அப்படியெல்லாம் இல்லை. எப்போது போனாலும் அதே பிளாஸ்டிக் தம்ளர்தான். நானும் எப்போதும் என் பாட்டில்தான். ஆனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேறு யாரையாவது அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். என் வேலை நல்ல வேலை என்று அர்த்தம், வேறொன்றுமில்லை.

சில வருஷம் கழித்துக் கரண்ட் நேரம் வைத்துப் போக ஆரம்பித்ததே, அந்த வெயில் காலத்தில் ஒருநாள் அப்பாவின் கம்ப்யூட்டர் சத்தம் போடுகிறது என்று போனேன். மத்தியானம். கதவு திறந்திருந்தது. தெருவே கரண்ட் இல்லாமல் விசிறிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றக் குனிந்தபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. யாரோ விருந்தாளி என்று நினைத்தேன்.

"மாத்திர போட்டாச்சா?"

"போட்டாச்சி."

"யாரு பாத்தா?"

"நீதான பக்கத்துல உக்காந்துக்கினு இருந்த."

"இந்தப் புழுக்கத்துல எனக்கு இன்னா கண்ணு தெரியுது." விசிறிச் சத்தத்துக்கு நடுவில் அம்மாவே, "இன்னிக்கி சாம்பாரு எப்டி? கை கழுவத் தோணுச்சா?" என்றார்.

"பாதி கழுவிட்டேன். அப்புறம் உருளக்கெழங்கு தட்டுப்பட்டுச்சி."

யாரோ மூக்கு வழியாகச் சிரித்தார்கள். யார் என்று தெரியவில்லை. நான் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றேன். கம்ப்யூட்டரும் ஓடவில்லை, டிவியும் ஓடவில்லை, காற்று வருகிற ஒரே ஜன்னல் ஹாலில்தான் இருக்கிறது. வேறு வழியில்லாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து, வேறு வழியில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். கோடையில் கரண்ட் போகும்போதெல்லாம் இதுதான் நடந்திருக்கிறது. நாக்பூருக்கு இது தெரியாது.

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. அம்மா எதையோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து ரூமுக்குப் போனார். நான் கதவைத் தட்டி உள்ளே போய், அப்பாவின் கம்ப்யூட்டரைப் போட்டேன். அது விழித்துக்கொண்டதும் டிங். சுமதி, மோட்டார் போடச் சொல்லு.

அப்பா என்னைப் பார்க்காமல் எழுந்துபோய் மோட்டார் போட்டார். திரும்பி வந்து, கரண்ட் போனாலும் ஓடுவதற்கு வைத்திருந்த யூ.பி.எஸ். இரண்டிலும் பேட்டரி செத்துவிட்டது, புதுசு மாட்டிக் கொடு என்றார். கடையில் பேட்டரி அடுக்கி வைத்திருந்தோம். விற்றால் எனக்கும் ஏதோ கிடைக்கும்.

"இந்த மாடலுக்கு பேட்டரி வர்றதில்ல சார்" என்றேன்.

"பக்கத்து வூட்ல போன வாரந்தான் மாத்துனாங்க."

"அது வேற கம்பெனி சார்."

அதற்கப்புறமும் இரண்டு மூன்று தடவை கேட்டார். நானும் வேறு வேறு கம்பெனியின் மேல் பழி போட்டேன்.

இப்போது அந்தக் கடை இல்லை. மாடியில் செல்போன் கவர் விற்கிறார்கள். பாஸ்கர் அண்ணன் பிளாட் புரோக்கராகிவிட்டார், அதே வாய் அதற்கும் உதவுகிறது. அந்தச் சின்னப் பெட்டி விண்டோஸில் வருவதில்லை. ஆரஞ்சும் பச்சையும் இடம் மாற வேண்டியதில்லை, எப்படி மாட்டினாலும் புரிந்துகொள்கிற மாதிரி வந்துவிட்டது. நான் கற்ற வித்தை ஒரு கண்ணாடித் துண்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. சரி, போகட்டும். வித்தைக்காக அழுகிற ஆள் இல்லை நான்.

சுமதிதான் கரண்ட் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த வருஷம் எனக்கு போன் போட்டாள். நாக்பூரிலிருந்தே ஏற்பாடு செய்து பெரிய இன்வெர்ட்டர் ஒன்று வீட்டில் மாட்டிவிட்டாளாம். ஹாலுக்கு ஒரு ஃபேன், ரூமுக்கு ஒரு ஃபேன், இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு லைட், எல்லாம் அதில். அப்பா அம்மாவுக்கு வயசாகிறது, புழுக்கத்திலும் இருட்டிலும் கஷ்டப்படக் கூடாது என்று ரொம்ப நாளாக அவளுக்கு மனசில் உறுத்தலாம். தான் பக்கத்தில் இல்லாததற்கு இதையாவது செய்ய வேண்டாமா.

"இப்ப கரண்ட் போறதே தெரியாதுக்கா. லைட்டு கூட சிமிட்டாது. ரெண்டு பேரும் அவங்கவங்க எடத்துல நிம்மதியா இருக்காங்க" என்றாள்.

அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். நல்ல வேலை செய்தாய் என்றேன்.